ஒன்பது கைகள் செய்த தவறு

அனுப்புநர்:
ஆ. பெருமாள்சாமி, வயது 53,
நிட்டிங் ஜாப் ஒர்க் கம்பெனி நடத்துபவர்,
நல்லூர், திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: காது கேளாத குழந்தை கா. ஜோதிகாவுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்த அரசு உதவி கோரிய விண்ணப்பம், நேரடி விசாரணையின்போது நானும் என் ஆட்களும் செய்த தவறால் தள்ளுபடியானது – என்மீது நானே தரும் புகார் – குழந்தைக்கு ஆறு வயது நிறைவதற்குள் கருவி கொண்டு மறு சோதனை செய்ய வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. விண்ணப்பம், நாள் 15.6.2009. 2. நேரடி விசாரணை, நாள் 8.9.2009. 3. தள்ளுபடிக் கடிதம், நாள் 29.9.2009.

மதிப்பிற்குரிய ஐயா,

புகாருக்கு முன்னால் வெட்கக்கேடான ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது வந்து தங்களிடம் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. ஏறக்குறைய இரண்டு வருட காலம், தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், நூல் கோன் வரும் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் ஒரு குழந்தையை எனக்கு எதிரில் உட்காரவைத்து ஊர்க்கதை பேசிவந்தேன். எந்த வீட்டில் மாமியார் தனி அடுப்பு வைத்தார், எந்த டெய்லர் யாருடைய மொபட்டில் ஏறிப் போனார், யார் வீட்டுச் சீர்வரிசைப் பீரோ வாசலோடு திரும்பிப் போனது என்று நல்லூரில் நடந்தது, நடக்காதது, நடக்கக்கூடியது அனைத்தையும் சொன்னேன். குழந்தை கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் சிரித்தால் சிரிக்கும். ரகசியம் சொல்ல நான் குனிந்தால் தானும் குனியும். ஒரு நாள்கூடப் பாதியில் எழுந்து போனதில்லை. என் மனைவி கருப்பாத்தாள் இருபத்தாறு வருடத்தில் ஒரு கதையையும் முடிக்கவிட்டதில்லை என்பதால், "நல்லூர்லயே என் பேச்சைக் கடைசி வரைக்கும் கேக்கற ஒரே ஆளு இந்தக் கண்ணுதான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தைக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது.

இம்மனு அந்தக் குழந்தையைப் பற்றியது. புகார் யார்மீது என்று கேட்கும் இடத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன். விசாரணைக்கு வந்த அலுவலர்மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். அவர் கண்ணில் அப்படிப் பட்டதற்குக் காரணம் நாங்கள். நடந்ததை நடந்தபடியே கீழே எழுதுகிறேன். இடையிடையே என் வாய்க்கொழுப்பு தலைகாட்டினால் பொறுத்தருள வேண்டும். கோயில் நோம்பி மேடைகளில் சிரிக்கச் சிரிக்கப் பேசக் கூப்பிடுகிறார்கள் என்பதால் வந்த பழக்கம்.

1. குழந்தையின் பெயர் ஜோதிகா. பிறந்த தேதி 4.12.2003. தகப்பனார் காசிமாயன் என்னிடம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு ஆப்பரேட்டர். தாயார் சீனியம்மாள் அதே கம்பெனியில் துணி ரோலைப் பிரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை. குழந்தை ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். அறைக்கும் கம்பெனிக்கும் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான்கு மெஷின் இரண்டு ஷிஃப்டும் ஓடும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து குழந்தை அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தது. சத்தத்தில் என்று எழுதியது கைப்பழக்கம். அதிர்வில் என்று திருத்தி வாசிக்க வேண்டுகிறேன்.

2. மெஷின் ஓடும் நேரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் தாங்கள் கால் வைத்ததுண்டா என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் எட்டாது. ஆகவே எங்கள் தொழிலில் வாய்க்கு வேலை கிடையாது, எல்லாம் கைதான். ஆள்காட்டி விரலை மடக்கினால் ஊசி உடைந்துவிட்டது என்று பொருள். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போட்டுக் காட்டினால் துணியில் ஓட்டை விழுந்திருக்கிறது, யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பொருள். வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு பானை வரைந்தால் முதலாளி வருகிறார். இந்தக் கடைசிச் சைகை பத்து வருடம் எனக்குத் தெரியாமலே புழக்கத்தில் இருந்திருக்கிறது.

இவற்றோடு இன்னொரு வழக்கமும் உண்டு. இம்மனு முழுவதும் அதைப் பற்றியதுதான். மெஷின் சத்தத்தில் ஒருவரை யாராவது கூப்பிட்டால் அது அவருக்கு எட்டாது. எனவே, கூப்பிடுவதைக் கவனித்தவர்கள் ஒவ்வொருவரும் கையைத் தூக்கி, கூப்பிடுகிறவர் இருக்கும் திசையைக் காட்டுவோம். கை மாறிக் கை மாறி அது உரியவரிடம் போய்ச் சேரும். யோசித்துச் செய்வதல்ல, தும்மல் வந்தால் தும்முவது மாதிரி. ஒருமுறை குன்னத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ எங்கள் ஆப்பரேட்டர் மணியனைக் கூப்பிட்டார்கள். இலைமுன் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் சோற்றுக்கையைத் தூக்கியதில் பந்தி விசாரித்தவர் பயந்து, ஐந்து இலைக்கும் ரசம் ஊற்றிவிட்டார்.

3. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பதை எவர் கண்டுபிடிப்பது? எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் சைகை சுத்தம். மூன்று வயதில் துணியைப் பார்த்து, அப்பன் கவனிப்பதற்கு முன்பே விரலை மடக்கிக் காட்டுவாள். போய்ப் பார்த்தால் ஊசி உடைந்திருக்கும். பேச்சு மட்டும் வரவில்லை. அது சீனியம்மாளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தைக்கு இரண்டரை வயது நடக்கும்போது என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, பிள்ள இன்னும் அம்மான்னுகூடச் சொல்ல மாட்டேங்குது. கோயம்புத்தூர்ல ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரவா? ஒரே ஒருநா லீவு குடுங்கண்ணே."

அன்றைக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் சொன்ன பதிலைத் தங்கள் பார்வைக்கு ஒரு எழுத்தும் மாற்றாமல் வைக்கிறேன்: "ஏனம்மிணி இத்தன அவசரம்? பொம்பளப் புள்ள பேச ஆரம்பிச்சா அப்பறம் நிறுத்தவா போகுது? இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கலாம், உடு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சீனியம்மாளும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் துணி பார்க்கப் போய்விட்டாள். ஐயா, நான் இதுவரை சொன்ன நகைச்சுவைகளில் அவ்வளவு தூரம் போனது வேறொன்றில்லை. குழந்தையின் வாழ்க்கையில் இரண்டு வருடத்தை அது தின்றுவிட்டது. அவளுக்கு மறுபடி லீவு கேட்கத் தோன்றவில்லை, எனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

4. உண்மையைக் கண்டுபிடித்தது மின்சார வாரியம். சென்ற ஆண்டு மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஒரு பகல் நேரத்தில் நான்கு மெஷினும் ஒன்றாக நின்றன. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஆட்கள் ஆங்காங்கே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஜோதிகா ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி காலிக் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ராக்கின் மேல்தட்டில் இருந்த காலி எண்ணெய் டின் ஒன்று சரிந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள். ஜோதிகா அடுத்த கோனை எடுத்து வைத்தாள்.

சீனியம்மாள் மெல்ல எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள். எங்களில் யாராவது வழக்கப்படி கை தூக்கினோமா என்பது நினைவில்லை. தூக்கியிருந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரிந்திருக்காது. குழந்தை திரும்பவில்லை. சீனியம்மாள்தான் திரும்பினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

5. அந்த வாரமே கோவைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் வயர்களை ஒட்டி, கம்ப்யூட்டர் மூலம் சோதித்தார்கள். தூங்குகிற குழந்தையால் யாரையும் ஏமாற்ற முடியாது என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் அறவே இல்லை என்று அறிக்கை வந்தது. விதிப்படி ஆறு மாதம் ஹியரிங் எய்டு மாட்டிப் பார்த்தோம். குழந்தை அதைத் தோடு மாதிரி பெருமையாகப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்: "ஹியரிங் எய்டுனால இவளுக்குப் பிரயோஜனம் இல்லீங்க. ஆபரேஷன் பண்ணி உள்காதுல காக்ளியர் இம்ப்ளான்ட் வெக்கணும். ஆறு வயசு தாண்டிட்டா மூளை பேச்சைப் புடிச்சுக்கறது ரொம்பச் செரமம். அரசு உதவியும் ஆறு வயசுக்குள்ளதானுங்க."

ஆபரேஷன் முடிந்த கையோடு கேட்டுவிடாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. காதுக்குப் பின்னால் வெளியே ஒரு சின்னக் கருவி இருக்கும். அது சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும். அது சத்தம் என்பதே குழந்தைக்கு முதலில் தெரியாது, பயந்து அழக்கூடும். ஒவ்வொரு சத்தமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் பயிற்சிக்கு வந்துபோக வேண்டும். காசிமாயன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "பிள்ள எங்கள அப்பா அம்மான்னு கூப்புடுமாம்மா?" டாக்டரம்மா சொன்னார்: "மொதல்ல நீங்க கூப்புடறது அவளுக்குக் கேக்கட்டுமுங்க."

ஆபரேஷனுக்கும் கருவிக்கும் ஆகும் தொகை தங்களுக்குத் தெரிந்ததே. புருஷன் பெஞ்சாதி இரண்டு பேர் சம்பளத்தில் அது ஆகுமா என்பதை, சம்பளம் கொடுக்கிறவன் நான் என்பதால், எழுதக் கூசுகிறது. விண்ணப்பம் போட்டோம்.

6. 8.9.2009 அன்று பகல் பதினொன்றரை மணிக்கு அலுவலர் வந்தார். நல்ல மனிதர். வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார், டீ வேண்டாமென்றார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் மெஷின்களுக்கு இடையில் நின்றோம். குழந்தையை எங்களைப் பார்த்தபடி நடுவில் நிறுத்திவிட்டு அவர் பின்னால் போய் நின்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை திரும்பிப் பார்த்தது. மறுபடி எங்களைப் பார்க்கவைத்துவிட்டுக் கைதட்டினார். திரும்பியது. அவர் அதோடு விடவில்லை. நேர்மையானவர் என்று சொன்னேனே, வாசலுக்கு வெளியே போய்க் கதவருகில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். குழந்தை வாசலுக்கே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பாப்பாவுக்கு நல்லாத்தான கேக்குது! இந்தப் பிஞ்சுத் தலையில போயி எதுக்கு ஆபரேஷன்?" என்று கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தாளில் எழுதிக்கொண்டு போனார்.

அப்போதாவது எங்களுக்குப் புத்தி வந்ததா என்று தாங்கள் கேட்கலாம். நாங்கள் கைதட்டினோம், ஐயா. சீனியம்மாள் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்று, "எங்க குலசாமி கண்ணத் தொறந்துருச்சுண்ணே, பிள்ளைக்குக் கேட்டுருச்சுண்ணே" என்று அழுதாள். காசிமாயன் குழந்தையைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றினான். நான் எதிரில் உள்ள மருதாசலம் கடையிலிருந்து எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்து கொடுத்தேன். தூங்கவைத்துச் சோதித்த அறிக்கை என் மேஜை டிராயரில் இருந்தது. அதைவிட ஜிலேபியை நம்புவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் சீனியம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை பிளாஸ்டிக் குடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தது. மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். அப்போது யாரிடமும் சொல்லவில்லை, கடிதம் வந்த பிறகுதான் சொன்னாள்.

7. அக்டோபர் முதல் தேதி கடிதம் வந்தது. நேரடி விசாரணையில் குழந்தைக்குச் செவித்திறன் இருப்பது தெரியவந்ததால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது என்று இரண்டே வரி. காசிமாயன் அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். மாலைக்குள் செய்தி வீதி முழுக்கப் போய்விட்டது. இந்த வேலையை வழக்கமாகச் செய்பவன் நான் என்பதால் அதன் வேகம் எனக்குத் தெரியும். மருதாசலம் கடை வாசலில் நின்று, "ஏனுங்க பெருமாள்சாமி, கேக்கற புள்ளயச் செவிடுன்னு எழுதிக் குடுத்துப் பணம் வாங்கப் பாத்தா கவுருமெண்ட்டு சும்மா உடுமுங்களா?" என்றார். காசிமாயன் அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் கைகலப்புக்குப் போகவில்லை. வாங்க வந்த தீப்பெட்டியை வாங்காமல் திரும்பிப் போனான். அவன் ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று சீனியம்மாளிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

8. எனக்கு ஒன்று புரியவில்லை. தாய் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, முன்பின் தெரியாத அலுவலர் கூப்பிட்டால் மூன்று முறையும் எப்படித் திரும்பும்? 4.10.2009 ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. அன்றிருந்த அதே ஆட்களை வரச்சொல்லி அதே இடங்களில் நிறுத்தினேன். குழந்தையை நடுவில் நிறுத்தி, அலுவலர் நின்ற இடத்தில் நான் நின்றேன். "ஜோதிகா" என்று கூப்பிட்டேன்.

எதிரில் எட்டுக் கைகள் உயர்ந்தன.

எட்டும் என்னைக் காட்டின. குழந்தை அந்தக் கைகளைப் பார்த்தது, திரும்பி என்னைப் பார்த்தது. அலுவலர் வந்த அன்று எட்டு அல்ல, என்னுடையதையும் சேர்த்து ஒன்பது. அவர் குழந்தையின் தலை திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குத்தானே வந்தார்? நாங்கள் கை தூக்கியது கண்ணில் பட்டிருந்தாலும் மேலே பறக்கும் பஞ்சைத் தட்டுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

"ஏப்பா, கையத் தூக்கறீங்களே!" என்று கத்தினேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கம்மா மேல சத்தியமா நான் தூக்குலீங்க மொதலாளி" என்றான் மணியன். அப்போதும் அவன் கை அந்தரத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவனே இன்னொரு கையால் பிடித்து இறக்கினான்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். கூப்பிட்டேன். எட்டு முகவாய்கள் என்னைக் காட்டின. முகத்தை ஆட்டாதே என்றேன். கண்கள் காட்டின. குழந்தைக்கு அதுவும் போதுமாக இருந்தது. கடைசியில் எட்டுப் பேரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன்.

நான் கூப்பிட்டேன். குழந்தை திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரல் அடுத்த வீதி வரைக்கும் போகும் என்று சொல்வார்கள். குழந்தை திரும்பவில்லை. எட்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. வந்த நாளிலிருந்து அந்தக் கம்பெனியில் அதற்கு யாரும் முதுகைக் காட்டியதில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு, ஒவ்வொருவராகப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தது. நான் சொல்லாததால் ஒருவரும் திரும்பவில்லை. அப்பன் திரும்பவில்லை. கடைசியாகத் தாயின் முந்தானையை இழுத்துப் பார்த்துவிட்டு, நடு இடத்துக்கே வந்து, என்னைப் பார்த்து நின்றது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போட்டுக் காட்டியது. பிறகு அந்த விரலாலேயே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது.

தவறு நடந்துவிட்டதா, அதைச் செய்தது நானா என்று கேட்டது, ஐயா.

நீ இல்லை என்று தலையாட்டினேன். வயிற்றுக்கு முன்னால் பானை வரைந்து காட்டினேன். அதற்குப் புரிந்தது. சிரிக்கவில்லை.

9. மேற்கண்ட தவறு முழுவதற்கும் நானே பொறுப்பு. குழந்தை பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தது. பெற்றோரும் அரசை ஏமாற்ற நினைக்கவில்லை. ஏமாற்ற நினைப்பவர்கள் குழந்தையைத் திரும்பாமல் நிற்கத்தான் பழக்கியிருப்பார்கள். எனவே கீழ்க்கண்டவற்றைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

அ) தள்ளுபடி உத்தரவை நிறுத்திவைத்து, குழந்தையைத் தாங்கள் குறிப்பிடும் எந்த அரசு மருத்துவமனையிலும் தூங்கவைத்துக் கருவியால் சோதிக்க ஆணையிட வேண்டும். எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்த அறைக்குள் வரமாட்டோம். வெளியே வராந்தாவிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்போம்.

ஆ) இன்று முதல் குழந்தைக்கு ஆறு வயது நிறைய ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது. இன்னும் ஐந்து நாளில் தீபாவளி. அதன்பின் ஒரு வாரம் திருப்பூரில் ஒரு வேலையும் நடக்காது என்பது தாங்கள் அறிந்ததே. மறு சோதனை முடிவதற்குள் அந்தத் தேதி கடந்துவிட்டால், விண்ணப்பித்த நாளில் இருந்த வயதையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நமது மாவட்டத்துக்கே வயது எட்டு மாதம்தான் ஆகிறது. புது மாவட்டத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் மாவட்டத்துக்கு வயது ஏறினால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் குழந்தைக்கு ஏறினால் கதவு சாத்திவிடும்.

இ) தவறான தகவலுக்கு அபராதமோ தண்டனையோ உண்டென்றால் அதை என் பெயருக்குப் போட வேண்டும். காசிமாயன், சீனியம்மாள் பெயர்களில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழக்கூடாது. மருதாசலம் படிக்கும்படியாக ஒரு கடிதமும் அனுப்பினால் நன்றியுடையவனாவேன்.

ஈ) நல்லூரில் மட்டும் எங்கள் கம்பெனியைப் போல் சுவருக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கும் கம்பெனிகள் எத்தனையோ. எங்கும் இதே சத்தம், இதே கைகள். அங்கு வளரும் கைக்குழந்தைகளுக்கு, மெஷின் சத்தம் எட்டாத ஒரு அறையில் காது சோதனை நடத்த ஏற்பாடு செய்ய வேண்டும். இன்னொரு முதலாளிக்கு நகைச்சுவை தோன்றுவதற்கு முன்னால் இது நடந்தால் நல்லது.

ஆபரேஷன் நடந்தால் பயிற்சிக்குப் போகும் நாள்களில் சீனியம்மாளுக்குச் சம்பளத்தோடு லீவு தருவதாக முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். கருவி பொருத்திய குழந்தையிடம் ஓயாமல் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டுமென்று டாக்டரம்மா சொன்னார். தகுதியுள்ள ஆள் நல்லூரில் இருக்கிறான் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜோதிகா இப்போது எட்டுப் பேரில் யார் திரும்பி நின்றாலும் உடனே ஓடிவந்து அவர்கள் முகத்தைப் பார்க்கிறாள். அதை நிறுத்தும் வழி எங்களிடம் இல்லை, தங்களிடம் இருக்கிறது. தாங்கள் மனம் வைத்து உத்தரவிடும் நாளுக்காக ஒன்பது பேரும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆ. பெருமாள்சாமி
(ஒப்பம்)

இடம்: திருப்பூர்
நாள்: 12.10.2009, திங்கட்கிழமை

இணைப்பு: பிறப்புச் சான்று நகல், கோவை மருத்துவமனை அறிக்கை நகல், தள்ளுபடிக் கடித நகல், முத்திரைத்தாள் நகல், நடந்ததற்குச் சாட்சியாக எட்டுப் பேரின் கையொப்பமும் கைநாட்டும்.

குறிப்பு: தொலைபேசி எண்ணை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. பதில் தபாலில் வந்தால் போதும். முப்பத்தொரு வருடம் மெஷின் பக்கத்தில் நின்றதில் எனக்கு இரண்டு காதிலும் பேச்சு விழுவதில்லை. கம்பெனியில் யாருக்கும் இது தெரியாது. இம்மனுவில் யார் எதைச் சொன்னதாக எழுதியிருந்தாலும் அது அவரவர் வாயைப் பார்த்து எழுதியது. அலுவலர் அன்று வாசலில் நின்று எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டார் என்பதை வேறு யாரிடமாவதுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.